கடல்கன்னியின் மூன்று நாள் விரதம்

அத்தியாயம் 4

போன அத்தியாயத்துப் பியானோ இன்னும் கிணற்றில்தான் கிடக்கிறது. அதைத் தூக்கக் கயிறு வேண்டும், கயிறு கடலூரிலிருந்து வரவேண்டும். அதுவரை நாங்கள் சும்மா இருக்கக் கூடாது என்று யாரோ மேலே முடிவு செய்திருக்க வேண்டும். 1958 ஜூலை பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, விசித்திரக் கொட்டகை முதலாளி ஜானகிராமன் எங்கள் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"முசியே, எங்க கடல்கன்னியைக் காணோம்!"

என் முதலாளி தெய்வசிகாமணி பொடி டப்பியைத் திறந்து, ஒரு சிட்டிகையை எடுத்து, இரண்டு மூக்குத் துளைக்கும் பாரபட்சமில்லாமல் பங்கிட்டார்.

"எப்ப இருந்து?"

"காலையில திரைய வெலக்கிப் பாத்தேன். பெட்டி காலி."

"நீந்திப் போயிருக்கலாமா?" என்று நான் கேட்டேன்.

"இல்லைம்மா. அவ செத்து இருபத்தாறு வருஷமாச்சு" என்றார் அவர், முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லாமல். அந்த மனிதருக்குக் கேலி புரியாது என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

என் பெயர் சுலோசனா. டைப் அடிப்பேன், கூடவே வாயும் அடிப்பேன். முதல் வேலைக்குத்தான் என்னைச் சேர்த்தார்கள். தெய்வசிகாமணி பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பொலீஸில் இருந்தவர், அதனால் ஊருக்கு அவர் இன்னும் 'முசியே', அதாவது பிரெஞ்சில் ஐயா. ஐம்பத்து நாலு நவம்பரில் ஆட்சி மாறியபோது சிவப்புத் தொப்பியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அவர் கொடுக்கவில்லை. இன்று வரை எங்கள் ஆபீசில் அதில்தான் குண்டூசி போட்டு வைத்திருக்கிறோம். வழக்கு முடிந்ததும் பிரெஞ்சில் மூன்று பிரதி ரிப்போர்ட் அடிக்கச் சொல்வார். ஒன்று எங்களுக்கு, ஒன்று வழக்குக் கொடுத்தவருக்கு. மூன்றாவது யாருக்கு என்று நாலு வருடமாகக் கேட்கிறேன், பதில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் பொடி போட்டதில் அவருக்கு வாசனையே தெரியாது. மல்லிகையும் சாக்கடையும் அவருக்கு ஒன்றுதான். துப்பறியும் தொழிலில் மூளை அவருடையது, மூக்கு என்னுடையது.

ஒதியஞ்சாலைத் திடலில் கொட்டகை போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்கள் பண்டிகை. நிர்வாகம் கைமாறி நாலு வருடம் ஆகியும் காகிதத்தில் ஊர் இன்னும் அவர்களுடையதுதான், அதனால் பண்டிகை மட்டும் பாக்கியில்லாமல் நடந்துகொண்டிருந்தது. பண்டிகைக் கூட்டத்தை நம்பித்தான் கொட்டகை.

உள்ளே போனதும் விசித்திரங்கள் வரிசையாக நின்றன. சீசாவுக்குள் இரட்டைத் தலைக் கன்று. எல்லா கவர்னர்களின் பெயரும் எழுதிய ஒற்றை அரிசி. பூதக்கண்ணாடி தொலைந்துபோனதால் பெயர்களை ஜனங்கள் நம்பிக்கையில்தான் படிக்க வேண்டும். அதற்கடுத்து ஒரு பழைய பட்டாளத்துத் தொப்பி, முன்னால் ஓர் ஓட்டை, பின்னால் ஓர் ஓட்டை. குண்டு புகுந்து வெளியேறியும் சிப்பாய் பிழைத்தான் என்று அட்டையில் எழுதியிருந்தது. அந்த நேரத்தில் அவன் தலை எங்கே இருந்தது என்று எழுதவில்லை.

கடைசியில் சிவப்புத் திரை. திரைக்குப் பின்னால் பூட்டிய கண்ணாடிப் பெட்டி. காலி.

பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் காவல்காரர் கொளஞ்சி. அவருக்குப் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் நின்றார்.

"பூட்டு ஒடையல. சாவி ரெண்டு" என்றார் ஜானகிராமன். "ஒண்ணு என் இடுப்புல. இன்னொண்ணு எங்கப்பா வெச்சிருந்தது. அப்பா போன தையில தவறிட்டாரு. அப்ப இருந்து அது கொளஞ்சியண்ணன்கிட்ட. எனக்கு நடக்கக் கத்துக் குடுத்தவரு முசியே! அவரு இப்படிப் பண்ணுவாருன்னு..." மூக்கை உறிஞ்சினார்.

"நாலு மணிக்குக் கொட்டகை தொறக்குறாங்க" என்றார் கான்ஸ்டபிள். "அதுக்குள்ள பொருள் வரலைன்னா இவரக் கூட்டிக்கிட்டுப் போறதுன்னு பேச்சு."

தெய்வசிகாமணி கொளஞ்சியின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எங்க இருக்குது?"

"தெரியாதுங்க."

"சத்தியமா?"

"தெரியாதுங்க. சத்தியம் மட்டும் கேக்காதீங்க."

என் முதலாளி எழுந்து என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"பொய் சொல்றவன் கேக்கறதுக்கு முன்னாடியே நாலு சாமி பேர்ல சத்தியம் பண்ணுவாம்மா. நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்! இந்த ஆளு சத்தியத்துக்குப் பயப்படறாரு. ஏற்கெனவே யாருக்கோ ஒண்ணு பண்ணிக் குடுத்திருக்காரு."

பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தோம். அடியில் விரிக்கும் வெல்வெட் துணி நாலாக மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் ஒரு பாசிமணி மாலை, ஒரு தந்தச் சீப்பு.

"திருடன் ரொம்ப நல்ல குடும்பத்துப் பையன் போல சார். மடிச்சு வெச்சுட்டுப் போயிருக்கான்" என்றேன்.

"அவசரத்துல எடுத்தவன் மடிக்க மாட்டான். திரும்பிக் கொண்டுவந்து வெக்கப் போறவன்தான் மடிப்பான்" என்றார் அவர். "முகர்ந்து பாரு."

வேறு வழியில்லாமல் பெட்டிக்குள் தலையை விட்டேன். அடுத்த நொடி வெளியே எடுத்துவிட்டேன்.

"கருவாடு சார்."

"கருவாடா?" ஜானகிராமனுக்குக் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. "அது சாவகக் கடல் வாசனைம்மா! எங்கப்பா கப்பல்காரன்கிட்ட கெஞ்சி வாங்கினது!"

சாவகக் கடலும் எங்கள் மார்க்கெட்டும் ஒரே வாசனை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். முதலாளி கண்ணால் அடக்கினார். பெட்டியின் மூலையை விரலால் துடைத்துக் காட்டினார். இரண்டு மூன்று கல்லுப்பு. கண்ணாடியின் அடிவிளிம்பில் மங்கலான மஞ்சள் கறை. பெட்டிக்கு வெளியே தரையில் பனையோலை நறுக்கு ஒன்று.

"இந்த மஞ்சள்?"

"அது அவளோட ஒளி" என்றார் ஜானகிராமன் பணிவாக. "வருஷத்துல ஒரு தடவ உடம்பு பொன்னாட்டம் ஆயிடும். விரதம் முடிஞ்சதும்."

"என்ன விரதம்?"

அப்போதுதான் கதை வெளியே வந்தது. ஆனிக் கடைசியில் மூன்று நாள் கடல்கன்னிக்கு விரதமாம். அவருடைய அப்பா பலராமன் ஏற்படுத்திய வழக்கம். மூன்று நாளும் திரை மூடியிருக்கும். மகன் உட்பட யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. மூன்றாம் நாள் பலராமன் மட்டும் உள்ளே போய்ப் பூசை செய்வார். மறுநாள் திரை விலகினால் அவள் பொன்னிறமாக ஜொலிப்பாள். இருபத்தாறு வருடமாக ஒரு தடவை கூடத் தவறியதில்லை.

"நேத்து வெள்ளிக்கெழமை விரதம் ஆரம்பம்" என்றார் ஜானகிராமன். "ஆனா பண்டிகைக் கூட்டம் இன்னிக்கே வந்து நிக்குதே முசியே. அப்பாவே போயிட்டாரு, விரதம் என்னாத்துக்குன்னு நேத்து சாயந்திரம் எடுத்துட்டேன். சனிக்கெழமை தரிசனம் உண்டுன்னு போர்டு எழுதச் சொன்னேன். அத்தக் கேட்டதும் கொளஞ்சியண்ணன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. வேணாம் சின்ன மொதலாளி, வேணாம்னு கால்ல விழாத கொறையாக் கெஞ்சினாரு. காலையில பாத்தா பெட்டி காலி. நான் வேற என்னா நெனைக்கட்டும்?"

தெய்வசிகாமணி தலையை ஆட்டிக்கொண்டார். நான் அந்த இடைவெளியில் ஜானகிராமனின் மேஜையைப் பார்த்தேன். சுவரில் ஒரு போட்டோ. நாற்காலியில் ஒரு இளம்பெண், தோள் வழியாக முன்னால் எடுத்துப்போட்ட பின்னல் மடியையும் தாண்டித் தொங்கியது. போட்டோவுக்குப் பூமாலைக்குப் பதிலாக ஒரு குஞ்சலம் மாட்டியிருந்தது, மூன்று குண்டும் சாயம் போயிருந்தன.

"எங்கம்மா செல்வாம்பாள்" என்றார் ஜானகிராமன். "எனக்கு ரெண்டு வயசுல போயிட்டாங்க. மொகம் கூட ஞாபகம் இல்ல. அவங்க சாமான்ல இந்தக் குஞ்சலம்தான் மிச்சம்." பிறகு பெட்டியைப் பார்த்துச் சொன்னார்: "நான் வளந்ததெல்லாம் இவகூடத்தாங்க. அஞ்சு வயசுல இருந்து தெனம் காலையில நான்தான் தலை சீவி விடுவேன். அப்பா அந்த வேலைய எனக்குக் குடுத்தாரு. சீவறப்ப எல்லாத்தையும் அவகிட்டச் சொல்லுவேன். பள்ளிக்கூடத்துல வாத்தியாரு அடிச்சது, காச்சல் வந்தது, அப்பா போனது, எல்லாம்."

என் வாயில் நல்ல பதில் ஒன்று தயாராக இருந்தது. ஏனோ சொல்லவில்லை.

வெளியே வரும்போது ஜானகிராமன் தகரக் குழாயை வாயில் வைத்து நாலு மணிக் காட்சிக்கு ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டார். பெட்டி காலியாக இருந்தாலும் தொழில் தொழில்தானே.

"பாதி பெண்! பாதி மீன்! சாவகக் கடலில் சிக்கியவள்! இவளுக்குப் பேரு கிடையாது! ஊரு கிடையாது! உறவு கிடையாது! உங்களைப் பார்க்கத்தான் காத்துக் கிடக்கிறாள், வாங்க, வாங்க!"

நாங்கள் பெரிய மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. கருவாட்டு வரிசை எது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். என் முதலாளி பூந்தோட்டத்தில் நடப்பது போல நடந்தார்.

"எப்படித் தேடுவீங்க சார்? கடல்கன்னி ஒண்ணு எடை போடுங்கன்னா?"

"பண்டிகைக்கு ரெண்டு நாள் முன்னாடி மார்க்கெட்டுல யாரு இருக்காங்கன்னு பாக்கக் கூடாதும்மா. யாரு இல்லைன்னு பாக்கணும்."

வரிசை முழுக்கப் பெண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இடத்துக்கு அவ்வளவு அடிதடி. நடுவில் ஒரே ஒரு இடம் மட்டும் காலி. ஒரு சாக்கு விரித்து நாலு மூலையிலும் கல் வைத்திருந்தது. பக்கத்து இடத்துக்காரி எங்களைப் பார்த்து வெற்றிலையைத் துப்பினாள்.

"இந்த எடம் யாருதும்மா?"

"அஞ்சலாட்சிது. பிள்ளைச்சாவடிக்காரி. நீ என்னா வேணும் சொல்லு, இந்த வீராயிகிட்ட இல்லாததா?"

"யாவாரம் கொழிக்கிற நாள்ல ஏன் வரலை?"

"அவளுக்கு விரதம்."

"கருவாட்டுக்காரிக்கா?" என்றேன் நான்.

"அட, அத்த ஏன் கேக்குற! வருஷா வருஷம் ஆனிக் கடைசியில மூணு நாளு. எந்தச் சாமிக்குடின்னா வாயத் தொறக்க மாட்டா. மூணு நாளும் கடை இல்ல, ஒண்ணும் இல்ல. இருவத்தஞ்சு வருஷமா நானும் கேட்டுப் பாத்து அலுத்துட்டேன்."

தெய்வசிகாமணி அவளிடம் மரியாதைக்காகக் கொஞ்சம் நெத்திலி வாங்கிக்கொண்டார். குதிரை வண்டி பிடித்தோம். வண்டி வடக்கே திரும்பியதும் நான் கேட்டேன்:

"ஒரே தேதியில ரெண்டு பேருக்கு விரதம். ஒருத்தி செத்துப் போனவ, இன்னொருத்தி கருவாடு விக்கறவ. இதுல யாரு யாருக்காக விரதம் இருக்காங்க சார்?"

"நெத்திலிப் பொட்டலத்தைப் பத்திரமாப் பிடி" என்றார் அவர்.

பிள்ளைச்சாவடிக் கரையில் வெயில் மண்டையைப் பிளந்தது. மணலில் பாய் பாயாக மீன் உலர்ந்துகொண்டிருந்தது. முதல் பாயில் நெத்திலி. அடுத்ததில் வாளை. மூன்றாவதில் காரப்பொடி. நாலாவது பாயில் கடல்கன்னி.

மல்லாந்து கிடந்தாள். உடம்பெல்லாம் உப்புப் பூத்து, அதன் அடியில் மஞ்சள் தெரிந்தது. தலையில் ஒரு முடி கூட இல்லை. பக்கத்தில் ஓர் அம்மாள் நீளக் குச்சியோடு உட்கார்ந்து காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குச் சாயந்திரம் வாங்க" என்றாள் எங்களைப் பார்த்ததும். "இன்னும் ஒரு வெயிலு பத்தணும்."

"அஞ்சலாட்சியம்மாவா?" என்றார் தெய்வசிகாமணி.

"கொளஞ்சியண்ணன் அனுப்பலியா ஒங்கள? அப்ப யாரு நீங்க?"

சொன்னோம். கான்ஸ்டபிள், நாலு மணி, கொளஞ்சி வாய் திறக்காமல் முக்காலியில் உட்கார்ந்திருப்பது, எல்லாம். அவள் கையிலிருந்த குச்சி நின்றுவிட்டது. ஒரு காக்காய் அந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டு ஒரு காரப்பொடியோடு பறந்தது.

"விரதத்த எடுத்துட்டானா அந்தப் புள்ள? அடப்பாவமே, அவனுக்கு எப்படித் தெரியும்!"

பிறகு சொன்னாள். கடல்கன்னி பிறந்த ஊர் சாவகம் இல்லை, பிள்ளைச்சாவடி. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் பலராமனின் கொட்டகை படுத்துவிட்டது. இரட்டைத் தலைக் கன்றைப் பார்க்க ஒரு தலை கூட வரவில்லை. ஒரு நாள் அவர் இந்தக் கரையில் நின்றபோது அஞ்சலாட்சி ஒரு திருக்கை மீனைப் புரட்டிப் போட்டிருக்கிறாள்.

"திருக்கைய கவுத்துப் போட்டீங்கன்னா அடிப்பக்கம் மனுச மூஞ்சியாட்டமே இருக்கும் சார். ரெண்டு கண்ணு, ஒரு வாயி. அது கண்ணே இல்ல, மூக்கு ஓட்டை. ஆனா பாத்தா அப்படித்தான் இருக்கும். அவரு அத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. நான்தான் அறுத்து, வளச்சு, கைக்குக் குச்சி குடுத்து, கீழ வஞ்சிரத்து வாலத் தெச்சுக் குடுத்தேன். என்னா இருந்தாலும் கருவாடு கருவாடுதானே? வருஷம் ஒரு தடவ உப்பும் மஞ்சளும் போட்டு மூணு வெயிலு காட்டலைன்னா புழு வெச்சிரும். அதுக்குத்தான் விரதம்."

"கொளஞ்சி?"

"அவருதான் விரதத்துக்கு முந்தின ராவு கொண்டாந்து குடுப்பாரு. இந்த வருஷமும் அப்படித்தான். பெரியவரு சாவறப்ப எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கையில அடிச்சு சத்தியம் வாங்கினாரு. எம்புள்ள அவள நெசம்னு நம்பிக்கிட்டு இருக்கான், அவன்கிட்டச் சொல்லிடாதீங்கன்னு. அந்தச் சத்தியத்துக்குத்தான் மனுசன் இப்ப செயிலுக்குப் போவ உக்காந்திருக்காரு."

தெய்வசிகாமணி கடலைப் பார்த்துக்கொண்டு இரண்டு சிட்டிகைப் பொடி செலவழித்தார்.

"இப்பவே கொண்டுபோவோம்" என்றார். "திருடன் பயந்து கரையில போட்டுட்டு ஓடிட்டான், நீங்க பாத்து எடுத்து வெச்சீங்க. சத்தியமும் மிஞ்சும், கொளஞ்சியும் மிஞ்சுவாரு."

"பொய்தானே சார்?" என்றேன்.

"ரிப்போர்ட்ல எழுதாத பொய்" என்றார்.

அஞ்சலாட்சி குடிசைக்குள் போய் ஒரு வெள்ளைத் துணி மூட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கடல்கன்னியைப் பனையோலைக் கூடையில் படுக்க வைத்து, வண்டிக்காரன் பார்வை படாமலிருக்க மேலே எங்கள் நெத்திலியைப் பரப்பினோம். வண்டிக்காரன் திரும்பிப் பார்த்து, வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டான். ஆமாம், ஒருவர் விரதம் முடிக்கிறார் என்று சொன்னேன்.

கொட்டகையை அடைந்தபோது மூன்றரை. வெளியே ஜனங்கள் வேலி வரைக்கும் நின்றிருந்தார்கள். திரைக்குப் பின்னால் ஜானகிராமன், கான்ஸ்டபிள், முக்காலியில் அதே கொளஞ்சி. அஞ்சலாட்சியைக் கண்டதும் கொளஞ்சி பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். அதை நான் பார்த்தேன், கான்ஸ்டபிளும் பார்த்தார்.

தெய்வசிகாமணி கூடையை இறக்கி, கரையோரக் கதையை ஒரு பிசிறில்லாமல் சொல்லி முடித்தார். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஜானகிராமன் நெத்திலியை விலக்கிப் பார்த்தார்.

ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது யாரு?" என்றார்.

கூடையை விட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"எங்க கடல்கன்னிக்கு முழங்காலு வரைக்கும் முடி முசியே. அவ கறுப்பா, மெல்லிசா இருப்பா. இது என்னா, உப்பு பூத்த மொட்டை! போலிய குடுத்து என்ன ஏமாத்தப் பாக்குறாங்க. நெசத்த எங்கயோ வித்துட்டாங்க!" கொளஞ்சியின் பக்கம் திரும்பினார். "எவ்வளவுக்குண்ணே வித்தே? என்கிட்டக் கேட்டிருந்தா கொட்டகையவே குடுத்திருப்பேனே. அவள ஏண்ணே?"

கொளஞ்சி தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டார்.

"கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார் ஜானகிராமன்.

நாலு வருடத்தில் முதல் தடவையாக என் முதலாளிக்கு அடுத்த அடி தெரியவில்லை. ஒருவர் இரவல் சாமானைத் திருப்பிக் கொடுத்து, சொந்தக்காரர் அது என்னுடையது இல்லை என்று சொன்னால், பிரெஞ்சுச் சட்டத்திலும் வழியில்லை, இந்தியச் சட்டத்திலும் வழியில்லை. கான்ஸ்டபிள் கொளஞ்சியின் தோளில் கை வைத்தார். அந்த மனிதர் எழுந்து, இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, துடைத்து, மேஜை மேல் வைத்தார்.

"நில்லுங்க" என்றாள் அஞ்சலாட்சி.

"வேணாம் அஞ்சல" என்றார் கொளஞ்சி. காலையில் எங்களுக்குச் சொன்ன பதிலுக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது. "சத்தியம் பண்ணியிருக்கம்."

"செத்தவருக்குப் பண்ணின சத்தியத்துக்கு உசுரோட இருக்குறவன் செயிலுக்குப் போவணுமா? பெரியவரே இங்க நின்னா விட்டுருவாரா? நீ பேசாத." அவள் இடுப்பிலிருந்த மூட்டையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே நீளமாக, சுருட்டி வைத்த கறுப்பு முடி. சீயக்காய் வாசனை எழுந்தது. என் மூக்குக்கு அன்று கிடைத்த ஒரே நல்ல வாசனை அதுதான்.

ஜானகிராமன் அதை வாங்கிக் கையில் பிடித்தார். பிடித்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் தினமும் சீவிய கைக்குத் தெரியாதா?

"இது அவளோடது."

"அவளோடதுதான். அப்ப ஒடம்பும் அவதான். உப்பத் தட்டி எண்ணெய் பூசினா மொதல்ல பொன்னா மின்னும், போவப் போவ நீ பாக்குற கறுப்பு வந்துரும். மூணாம் நாளு ஒங்கப்பா உள்ள போயி பண்ணின பூசை அதுதான் தம்பி. அவள நான்தான் தெச்சேன். திருக்கையும் வஞ்சிரமும்." அஞ்சலாட்சி மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒடம்ப உப்புல போடுவேன். முடிய மட்டும் போட மாட்டேன். தனியாக் கழட்டி, சீயக்காய் போட்டு அலசி, நெழல்ல காய வெப்பேன். ஒங்கப்பா அப்படித்தான் சொல்லியிருந்தாரு."

"ஏன்?"

"மொதல்ல தேங்கா நாரு வெச்சோம். பாத்தவங்கல்லாம் சிரிச்சிட்டுப் போனாங்க. அன்னிக்கு ராவு சோத்துக்கு இல்ல. ஒங்கம்மா இடுப்புல ஒன்ன வெச்சிக்கிட்டு அங்கதான் நின்னுச்சு. ஒண்ணும் பேசல. கொண்டைய அவுத்து, உள்ள வெச்சிருந்த சவுரிய உருவி, இந்தாங்கன்னு ஒங்கப்பா கையில குடுத்துச்சு. தன் தலையில உதுந்த முடிய வருஷக்கணக்கா சேத்து வெச்சுக் கட்டின சவுரி. அடுத்த வருஷம் ஒங்கம்மா இல்ல."

ஜானகிராமன் முடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"நீ தெனம் சீவினது ஒங்கம்மா முடிய தம்பி. அதுக்குத்தான் அந்த வேலைய ஒங்கிட்டக் குடுத்தாரு."

சுருளின் தலைப்பில் கறுப்பு நூல் சுற்றிய ஒரு கண்ணி இருந்தது. நுனியிலும் அதே மாதிரி இன்னொன்று. அஞ்சலாட்சி நுனியைக் காட்டி, இதில்தான் குஞ்சலம் மாட்டுவது என்றாள். நான் சுவரைப் பார்த்தேன். ஜானகிராமனும் பார்த்தார். போய் போட்டோவிலிருந்து சாயம் போன குஞ்சலத்தைக் கழற்றிக் கொண்டுவந்தார். அதன் கொக்கி கண்ணியில் சிக்கென்று உட்கார்ந்தது. குஞ்சலத்தின் நூலும் சவுரியின் நூலும் ஒரே கை சுற்றியது என்பதற்குத் துப்பறிவாளர் தேவையில்லை.

அவர் அழுதார். கான்ஸ்டபிள் இரட்டைத் தலைக் கன்றைப் பார்க்கப் போய்விட்டார். என் முதலாளி பொடி போட்டுக்கொண்டார், ஆனால் தும்மல் வருவதற்கு முன்பே அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. நான் என்ன செய்தேன் என்பது இந்த அத்தியாயத்துக்குத் தேவையில்லாத விஷயம்.

பிறகு ஜானகிராமன் மேஜை மேலிருந்த சாவியை எடுத்துக் கொளஞ்சியின் இடுப்பில் தானே செருகினார்.

"ஏண்ணே, நான் அவ்வளவு பேசினனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க அவகிட்டப் பேசறத நான் தெனம் கேட்டுக்கிட்டிருந்தவன் சின்ன மொதலாளி" என்றார் கொளஞ்சி. "எப்படிச் சொல்லுவேன்?"

வெளியே கூட்டம் கை தட்டி அவசரப்படுத்தியது. மணி நாலாக ஐந்து நிமிடம். கொளஞ்சி உப்பைத் தட்டி எண்ணெய் பூசினார். அஞ்சலாட்சி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு முடியைத் தைத்தாள். ஜானகிராமன் வெல்வெட்டை விரித்தார், சீப்பை எடுத்து நடுவகிடு எடுத்துச் சீவினார், குஞ்சலத்தை முன்னால் எடுத்துப் போட்டார். உடம்பு இன்னும் ஒரு வெயில் பாக்கிதான். கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்களுக்கு அது தெரியாது.

திரை விலகியது. ஜானகிராமன் தகரக் குழாயை எடுத்தார்.

"பாதி பெண்! பாதி மீன்! சாவகக் கடலில் சிக்கியவள்! இவளுக்குப் பேரு கிடையாது! ஊரு கிடையாது!"

அங்கே நிறுத்தினார். குழாயை இறக்கினார். பெட்டியை ஒரு தடவை பார்த்தார். மறுபடி தூக்கினார்.

"உங்களைப் பார்க்கத்தான் காத்துக் கிடக்கிறாள், வாங்க, வாங்க!"

"ஒரு வரி விட்டுட்டான் போலிருக்கே" என்றார் தெய்வசிகாமணி.

"ஆமா சார். இனிமே வராது" என்றேன்.

அடுத்த விரதத்தை யார் மாற்றினாலும் அஞ்சலாட்சிக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புவது என்று பேச்சு முடிந்தது. நாங்கள் ஆபீசுக்குத் திரும்பினோம். நான் மெஷினில் காகிதம் செருகி, மூன்று பிரதிக்குக் கார்பன் வைத்தேன். அவர் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல அடித்தேன். தமிழில் இவ்வளவுதான்:

பொருள்: காணாமல் போன கடல்கன்னி. குற்றவாளி: யாரும் இல்லை. முடிவு: பொருள் கண்டுபிடிக்கப்பட்டு, மகனிடம் ஒப்படைக்கப்பட்டது.